ஆர்லிஸின் வலது கையுறை

ஆராதனையில் சமாதானம் சொல்லும் நேரம் நெருங்கிவிட்டது என்பது ஆர்லிஸ் பிராட்டன் பாட்டுப் புத்தகத்தை மூடும் விதத்திலேயே தெரிந்துவிடும். அதை மடியில் வைக்கமாட்டார், பெஞ்சில் பக்கத்தில் வைப்பார். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு கையுறையை எடுப்பார். நர்சுகள் போடும் நீலக் கையுறை, ஒற்றை. ஒருமுறை உதறுவார். முதலில் கட்டைவிரல், பிறகு மற்ற நான்கும். ஒவ்வொரு விரலிடுக்கையும் இடது கையால் அழுத்தி, சுருக்கம் போக இழுத்து, மணிக்கட்டில் விடுவார். டப் என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். பாதிரியார் "ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளுங்கள்" என்பார். அவருக்கு நேர் முன் பெஞ்சிலிருந்து ஆர்டன் நெஸ் எழுந்து திரும்புவார்.

"சமாதானம், ஆர்லிஸ்."

"சமாதானம், ஆர்டன்."

கை குலுக்கி முடிந்ததும் கையுறை கழலும். மணிக்கட்டு விளிம்பைக் கிள்ளிப் பிடித்து ஒரே இழுப்பு. ஆர்டனைத் தொட்ட பக்கம் உள்ளே போய் மூடிக்கொள்ளும். சீழ்ப்புண்ணைத் தொட்ட கையுறையை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கழற்றுவார்கள். அதைச் சுருட்டிக் கைப்பையின் ஜிப் வைத்த அறைக்குள் போட்டுவிட்டு, மற்றவர்களுக்கு வெறுங்கையை நீட்டுவார், சிரித்த முகத்தோடு.

இது ஜூலை மாத வெயிலிலும் நடந்தது. நோர்லன்ட் ஊர் லூத்தரன் சபையில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆராதனை நடுவே ஒரு பசுமாடு உள்ளே வந்தாலும், கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார்களே தவிர, யார் மாடு என்று கேட்க மாட்டார்கள்.

நான் அதை முதலில் பார்த்தது ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை. செயின்ட் பாலில் காப்புரிமை வழக்குகள் நடத்தும் எங்கள் அலுவலகத்தில் இரண்டே பேர். கோர்ட்டில் பேசுவது ஜெனிவீவ் புரோஷ். எழுதுவது நான். பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஆர்லிஸின் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று பேசிப்பார்க்கப் போயிருந்தோம். ஆராதனை முடிந்த பிறகுதான் பேச்சு என்று ஆர்லிஸ் போனிலேயே சொல்லிவிட்டதால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வேட்டைக்காரர் மறைவிடம் தேடுவதுபோல ஆர்லிஸ் அந்த ஆர்டனுக்கு நேர் பின்னால் இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆராதனைக்குப் பின் கீழ்த்தளத்தில் காபி. எங்கள் ஊர்ப்பக்கத்தில் காபியோ கேக்கோ வேண்டுமா என்று மூன்று முறை கேட்க வேண்டும். முதல் இரண்டு முறை வேண்டாம் என்பது மரியாதை. மூன்றாவது முறை, "சரி, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா" என்று வாங்கிக்கொள்வார்கள். ஆர்லிஸ் கெட்டிலோடு மேசை மேசையாக வந்தார். ஆர்டனிடம் ஒரே ஒருமுறை கேட்டார். "காபி, ஆர்டன்?" வழக்கப்படி அவர், "பரவால்ல, வேண்டாம்" என்றார். ஆர்லிஸ் அடுத்த ஆளிடம் போய்விட்டார். காலிக் கோப்பையைப் பார்த்தபடி ஆர்டன் உட்கார்ந்திருந்தார். நான்கு வருஷமாக அந்தக் கீழ்த்தளத்தில் அவருக்குக் காபி கிடைத்ததில்லை என்று பின்னால் தெரிந்தது.

"இந்த அம்மா கேஸை எடுத்துக்கணும்" என்று ஜெனிவீவ் என் காதில் சொன்னார். "எதிராளியா இருந்தா நாம செத்தோம்."

ஆர்லிஸ் பால்பண்ணை வீட்டில் பிறந்தவர். விடியுமுன் எழுந்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டியவர். நர்ஸ் படிப்பு முடித்து, மாவட்ட ஆஸ்பத்திரியில் பல வருஷம், பிறகு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை. கணவர் மெர்லின் தானியக் கிடங்கில் எடை போடுபவர். குழந்தைகள் இல்லை. மெர்லினுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்து, கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். காற்று ஈரமாகப் போவதற்காக ஒரு சின்ன இயந்திரத்திலிருந்து ஹோஸ் வந்து அந்தக் குழாயில் சேரும். வீட்டில் கிட என்றால் மெர்லின் கேட்கவில்லை. குளிர்காலம் வந்து ஏரி உறைந்ததும், பேட்டரியையும் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு பனியில் துளை போட்டு மீன் பிடிக்க ஏரிமேல் வைத்திருக்கும் தன் குடிலுக்குப் போய்விட்டார். கூட இருந்தது ஆர்டன். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒன்றாக மீன் பிடித்தவர்கள்.

ஒருநாள் பெரிய மீன் ஒன்று தூண்டிலை இழுத்தது. மெர்லின் துள்ளி எழுந்தார். ஹோஸ் இயந்திரத்தில் சிக்கி, கழுத்துக் குழாயைப் பாதி வெளியே இழுத்துவிட்டது. ஆர்டன்தான் அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் வண்டி ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அந்த வாரமே ஆர்லிஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு கொக்கி செய்யத் தொடங்கினார். இழுத்தால் ஹோஸ் மட்டும் கழன்று போகும், குழாய் அசையாது. அவ்வளவுதான் கண்டுபிடிப்பு. கேட்டால் இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். கழுத்தில் குழாய் உள்ளவர்களுக்குத் தோன்றாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க மெர்லின் அதைப் போட்டுக்கொண்டு மீன் பிடித்தார். அடுத்த இலையுதிர் காலத்தில் இறந்துபோனார். துக்கத்தில் சில மாதம் போன பிறகுதான் ஆர்லிஸ் காப்புரிமைக்கு மனுப் போட்டார். கிடைத்தது. அதற்குள் மினியாப்பொலிஸ் பக்கத்துப் பெரிய கம்பெனி ஒன்று அதே மாதிரிக் கொக்கியை விற்கத் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரிச் சாமான் விற்பனையாளராக இருந்து வேலை போன ஆர்டனுக்கு அந்தக் கம்பெனியில் திடீரென்று ஒரு பதவி. ஆர்லிஸ் வழக்குப் போட்டார்.

கம்பெனி, நாங்கள் பார்த்துச் செய்யவில்லை என்று சொல்லவேயில்லை. காப்புரிமையே செல்லாது என்றது. மனுப் போடுவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்பே ஒரு பொருள் ஊரறியப் பயன்பாட்டில் இருந்திருந்தால் அதற்குக் காப்புரிமை கிடையாது. சோதனைக்காகப் பயன்படுத்தியிருந்தால் மட்டும் விதிவிலக்கு. ஆர்டன் எழுதிக் கொடுத்த உறுதிமொழி இப்படி இருந்தது: அந்தக் குடிலுக்குப் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் கதவைத் தட்டி உள்ளே வரலாம், வந்தார்கள். மீன்பிடிப் போட்டியன்று வந்த கூட்டம் மெர்லினைப் பார்த்துப் பேசிவிட்டுப் போனது. இதை வெளியே சொல்லாதே என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வரியும் உண்மை. உறைந்த ஏரியில் குடிலைப் பூட்டுகிறவன் எங்கள் பக்கத்தில் மனுஷனே இல்லை. தட்டினவனுக்குக் கதவைத் திறந்து, கவிழ்த்த வாளியில் உட்கார வைத்து, காபி கொடுக்க வேண்டும். வெளியூர்க்காரர்கள் போல, பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று முதலில் இந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது.

அதைவிடப் பெரிய அடியை ஆர்லிஸ் தனக்குத்தானே கொடுத்துக்கொண்டார். கம்பெனி வக்கீல் வாக்குமூலம் வாங்கும்போது, ஆர்டன் அந்தக் கொக்கியைப் பார்த்தாரா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறார். ஆர்டன் திருடன் என்று உலகுக்குச் சொல்ல அதுதான் வாய்ப்பு என்று ஆர்லிஸுக்குத் தோன்றிவிட்டது.

"பாத்தானாவா? கையில வாங்கி உருட்டி உருட்டிப் பாத்தான். அத்தனையும் அவனுக்குத் தெரியும்."

"யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சொன்னீங்களா?"

"எங்க ஊர்ல யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்க. அது அசிங்கம்."

இந்த இரண்டு பதிலையும் நீதிபதி தன் தீர்ப்பில் அப்படியே எடுத்துப் போட்டார். காப்புரிமைக்காரரே ஒப்புக்கொள்கிறார், இரு தரப்புக்கும் இடையே உண்மை பற்றித் தகராறே இல்லை, ஆகவே விசாரணை தேவையில்லை, காப்புரிமை செல்லாது. ஜூரி இல்லை, சாட்சிக் கூண்டு இல்லை. வக்கீல்கள் அறையில் வாக்குமூலம் கொடுத்ததோடு சரி, ஆர்டன் ஒருநாள்கூட கோர்ட்டில் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆர்லிஸுக்கு வலித்தது இந்தக் கடைசி விஷயம்தான். அன்று கீழ்த்தளத்தில் ஜெனிவீவ் அவரிடம், மேல்முறையீட்டில் ஜெயித்தால் என்ன வேண்டும் என்று கேட்டார். வழக்கமாக எல்லோரும் ராயல்டி, நஷ்டஈடு என்பார்கள்.

"அவன் கூண்டுல ஏறணும். நான் முன்னாடி உக்காந்து பாக்கணும். நான் நம்பினேன்னும், அவன் கொண்டுபோய்க் குடுத்தான்னும் அவன் வாயால சொல்லணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"கம்பெனி ஜெயிச்சாலுமா?"

"முதல்ல அவன் ஏறட்டும்."

ஜெனிவீவ் கேஸை எடுத்துக்கொண்டார்.

மேல்முறையீட்டில் புதுச் சாட்சி சேர்க்க முடியாது. கீழ்க்கோர்ட்டில் பதிவானதை வைத்துத்தான் வாதாட வேண்டும். அந்தப் பதிவு முழுவதையும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நமக்குச் சாதகமான வரி ஆர்டன் வாக்குமூலத்திலேயே இருந்தது. "ஆர்லிஸுக்கு ஷிஃப்ட் இருக்கற நாள்ல நான்தான் அதை மெர்லினுக்கு மாட்டிவிடுவேன். எப்படி மாட்டணும்னு அவதான் சொல்லிக்குடுத்தா. சாயங்காலம் போன் பண்ணி, நின்னுச்சா, நழுவுச்சான்னு கேப்பா." கம்பெனி வக்கீல் அதற்குமேல் கேட்காமல் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டார்.

நின்றதா, நழுவியதா என்று தினமும் கேட்பது சோதனை அல்லாமல் வேறென்ன? பழைய வக்கீல் சோதனை என்ற வாதத்தை இரண்டு பத்தியில் சொல்லியிருந்தார். ஆனால் இந்த வரியைத் தொடவில்லை. ஏன் என்று அவருக்குப் போன் செய்து கேட்டேன்.

"அந்தம்மா விடல. ஆர்டனைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை வந்தாலும் வேற வக்கீல் பாத்துக்கறேன்னுடுச்சு" என்றார். "எப்படியும் வேற வக்கீல்தான் பாத்துக்கிச்சு."

ஏப்ரலில் மறுபடி நோர்லன்ட் போனோம். இந்தத் தடவை ஆர்லிஸின் சமையலறை. கொக்கி பிறந்த அதே மேசை. உருளைக்கிழங்கு பொரித்து மேலே அடுக்கிச் சுட்ட ஹாட்டிஷ் பாத்திரம் ஒன்றை அடுப்பிலிருந்து எடுத்து வைத்து, மூன்று முறை கேட்டுப் பரிமாறினார். சாப்பிட்டு முடிந்ததும் ஜெனிவீவ் அந்த வரியைப் படித்துக் காட்டினார்.  ஆர்லிஸ் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டார்.

"இதை எழுதணும்" என்றார் ஜெனிவீவ். "ஆர்டன் சும்மா வேடிக்கை பாத்தவர் இல்ல, உங்க சோதனையில உங்களுக்குக் கை மாதிரி இருந்தவர்னு எழுதணும். அப்பத்தான் அவர் பாத்தது ஊர் பாத்ததா ஆகாது."

"அதாவது அவனை நல்லவன்னு எழுதணும்."

"நல்லவன்னு இல்ல, ஆர்லிஸ். நீங்க நம்பினீங்கன்னு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

தண்ணீரைத் திறந்துவிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினார். ஜெனிவீவ் என்னைப் பார்த்தார். நான் எதுவும் பேசக்கூடாது என்று எனக்கே தெரியும். கடைசியில் ஆர்லிஸ் திரும்பாமலே பேசினார்.

"ஷிஃப்ட் இல்லாத நாள்லயும் வருவான். கொக்கி குளிர்ல ஐஸ் மாதிரி இருக்கும். உள்ளங்கையில கொஞ்ச நேரம் பொத்தி வெச்சு, சூடு பண்ணிட்டுத்தான் மெர்லின் கழுத்துல வெப்பான். நான் சொல்லிக்குடுக்கல. அவனாப் பண்ணான்." கோப்பையைக் கவிழ்த்தார். "அந்தக் கையால கொண்டுபோய்க் குடுத்தான்."

அது பதிவில் இல்லை, எழுத முடியாது என்று ஜெனிவீவ் மெதுவாகச் சொன்னார்.

"தெரியும். உங்களுக்குத் தெரியட்டும்னு சொன்னேன்." கையைத் துடைத்துக்கொண்டு வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். "எழுதுங்க, வக்கீல் தம்பி. நல்லா எழுதுங்க. என் புருஷனுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரின்னு எழுதுங்க. நீங்க எவ்வளவு உசரத்துல கொண்டுபோய் வெக்கிறீங்களோ, அவ்வளவு உசரத்துலேருந்து விழட்டும்."

அந்த வசந்தகாலம் முழுவதும் நான் ஆர்டனை உயர்த்தினேன். பனியில் நடக்கும் அவர் பூட்ஸ் சத்தம் வரை எழுதினேன். ஜெனிவீவ் சிவப்பு மையால் அடித்தார். "இது கவிதை இல்லப்பா. இதை நீதிபதிங்க படிக்கணும்." பூட்ஸ் போயிற்று. நம்பிக்கை நின்றது. அச்சுக்குப் போகும் முன் ஆர்லிஸுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். எழுத்துப் பிழை ஒன்றைச் சுட்டிக்காட்டி, "இன்னும் ஒசத்தலாம்" என்று ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பினார்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் வாஷிங்டனில். எந்த மூன்று நீதிபதிகள் கேட்கப்போகிறார்கள் என்பது அன்று காலையில்தான் தெரியும். ஒவ்வொரு தரப்புக்கும் கால்மணி நேரம். பேசுகிறவருக்கு முன்னால் விளக்குகள், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். ஆர்லிஸ் அடர்நீலக் கோட்டில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, "அவன் வரல, இல்ல?" என்றார். மேல்முறையீட்டில் சாட்சிகள் வரமாட்டார்கள் என்று முன்பே சொல்லியிருந்தோம். இருந்தாலும் தேடினார்.

ஜெனிவீவ் பேசத் தொடங்கி இரண்டு வாக்கியத்திலேயே ஓரத்தில் இருந்த நீதிபதி குறுக்கிட்டார். உங்கள் கட்சிக்காரரே யாரையும் தடுக்கவில்லை என்கிறாரே, ஜூரி முடிவு செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்றார். பூட்டில்லாத கதவு என்றால் அனுமதி என்று ஒரு ஊரில் அர்த்தம், அது வெறும் மரியாதை என்று இன்னொரு ஊரில் அர்த்தம், எது என்பது சட்டம் அல்ல, உண்மை பற்றிய கேள்வி என்றார் ஜெனிவீவ். வந்தவர்கள் மெர்லின் கழுத்தில் சுற்றிய கம்பளிச் சால்வையைத்தான் பார்த்தார்கள், நோயாளியின் கழுத்தை உற்றுப் பார்க்கிற பழக்கம் அங்கே இல்லை, கொக்கியைக் கையால் தொட்டதாகப் பதிவில் இருப்பது ஒரே ஒருவர், அவரும் அதை மாட்டிவிட்டு மாலையில் விவரம் சொன்னவர் என்றும் சொன்னார்.

நடுவில் இருந்த பெண் நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இவ்வளவு நம்பிக்கையானவர் ஏன் எதிர்த் தரப்பின் சாட்சியாக இருக்கிறார்?"

அறையில் லேசாகச் சிரிப்பு எழுந்தது.

"அதைத்தான், கனம் நீதிபதி அவர்களே, ஒரு ஜூரி முன்னால் அவரிடமே கேட்க விரும்புகிறோம்" என்றார் ஜெனிவீவ்.

நான் திரும்பி ஆர்லிஸைப் பார்த்தேன். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. துணிக்குள் கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு போவது வெளியே தெரிந்தது.

இலைகள் உதிரும்போது தீர்ப்பு வந்தது. கீழ்க்கோர்ட் தீர்ப்பு ரத்து. சோதனையா ஊரறியப் பயன்பாடா என்பதில் நியாயமான தகராறு இருக்கிறது, ஜூரி விசாரிக்கட்டும். போன் செய்து சொன்னேன். ஆர்லிஸ், "சரி, இது மோசமில்ல" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்குமேல் சந்தோஷப்பட வழியில்லை.

கம்பெனி பயந்துவிட்டது. சமரசத்துக்கு வந்தது. ஜெனிவீவே எழுந்து நின்றுவிட்டார், அப்படி ஒரு தொகை. ஆர்லிஸிடம் சொன்னோம்.

"அதுல ஆர்டன் கூண்டேறுவானா?"

"இல்ல. சமரசம்னா விசாரணையே கிடையாது."

"அப்ப வேண்டாம்."

"ஆர்லிஸ், ஜூரி எப்படி வேணா போகும். தோத்தா ஒண்ணுமே கிடைக்காது."

"நீங்க கேட்டீங்க, நான் வேண்டாம்னேன். இன்னும் ரெண்டு தடவை கேக்கணுமா?"

அடுத்த வருஷம் மினியாப்பொலிஸில் விசாரணை. ஆர்லிஸ் முடி திருத்திக்கொண்டு, புது உடுப்பு தைத்துக்கொண்டு வந்திருந்தார், கல்யாணத்துக்கு வருவதுபோல. ஆர்டன் கூண்டில் ஏறி சத்தியம் செய்தபோது, கொஞ்சம் நகர்ந்து, இடையில் யார் தலையும் மறைக்காத இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

ஜெனிவீவ் கத்தவில்லை. கொக்கி உடைந்ததுண்டா என்று கேட்டார். மூன்று நான்கு தடவை, குளிரில் பிளாஸ்டிக் வெடித்துவிடும் என்றார் ஆர்டன். உடைந்தால் என்ன செய்வீர்கள்?

"துண்டை எல்லாம் எடுத்து வெச்சு ஆர்லிஸ்கிட்ட குடுப்பேன். கீழ போட்டுடாதேன்னு சொல்லியிருந்தா. எந்த இடத்துல வெடிச்சதுன்னு அவ பாக்கணும்."

"அப்போ அது முடிஞ்ச பொருளா, மிஸ்டர் நெஸ்?"

"இல்லம்மா. செஞ்சு பாத்துட்டிருந்தா."

"துண்டுகளை ஏன் உங்ககிட்ட எடுத்து வெக்கச் சொன்னாங்க?"

"நான் தினம் இருந்தேன். என்னை நம்பினா." அவர் தன் கையைப் பார்த்தார். "சூடு பண்ணித்தான் மாட்டுவேன்" என்று கேட்காததையும் சொன்னார். பிறகு, "அப்புறம் நான் அதைக் கொண்டுபோய்க் குடுத்துட்டேன்" என்றார்.

கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். கடைசி வாக்கியத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நீதிபதி ஜூரியிடம் சொன்னார். ஜூரியில் இருந்த ஒரு பெண்மணி ஏற்கெனவே ஆர்லிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் வாயை இறுக்கி மூடி, ஆஸ்பத்திரியில் ஊசி சரியாக இறங்குகிறதா என்று பார்ப்பதுபோல ஆர்டனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கவில்லை.

ஜூரி ஆர்லிஸ் பக்கம் நின்றது. கம்பெனி ஆர்டனின் பதவியை எடுத்துவிட்டது. அவர் மீன்பிடிச் சாமான் கடையில் கல்லாவில் உட்கார்ந்தார்.

கையெழுத்து வாங்க வேண்டிய சில காகிதங்களோடு நான் மறுபடி நோர்லன்ட் போனேன். ஞாயிற்றுக்கிழமை. பாட்டுப் புத்தகம் பெஞ்சில் பக்கத்தில் போனது. கையுறை வெளியே வந்தது. கட்டைவிரல், பிறகு நான்கு விரல். டப். ஆர்டன் எழுந்து திரும்பினார். சமாதானம், ஆர்லிஸ். சமாதானம், ஆர்டன். கீழ்த்தளத்தில் காபி ஒரே ஒருமுறை கேட்கப்பட்டது.

எனக்குத் தாங்கவில்லை. வாழ்நாளில் நானாகக் கேட்ட கேள்விகள் குறைவு. அன்று கேட்டுவிட்டேன். நீங்க கேட்டது கிடைச்சுதே, அவர் வாயால சொல்லிட்டாரே என்றேன்.

"ஜூரிக்குச் சொன்னான்" என்றார் ஆர்லிஸ், என் கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டே. "எனக்குச் சொல்லல."

இரண்டு வருஷம் கழித்து நோர்லன்ட் சபையின் காரியதரிசி வேறு ஒரு வேலையாக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பேச்சு ஆர்லிஸிடம் போனது. அவர் ஆர்டனுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பழிவாங்கியதை நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். காரியதரிசி இல்லை என்று தலையசைத்தார். ஆர்லிஸ் எங்கும் போய் உட்காரவில்லை என்றார். அது மெர்லினின் அப்பா காலத்திலிருந்து பிராட்டன் குடும்பத்துப் பெஞ்சு. நெஸ் குடும்பத்தின் பெஞ்சு எதிர்ப்பக்கம், வாசலை ஒட்டி, கடைசியில். வழக்குப் போட்ட அடுத்த ஞாயிறு ஆர்லிஸ் முதன்முதலாகக் கையுறை போட்டுக்கொண்டு, சபை முழுக்கப் பார்க்க, நடைபாதையில் அந்தக் கடைசிப் பெஞ்சுவரை நடந்துபோய் ஆர்டனுக்குக் கைகொடுத்தார். அதற்கு அடுத்த ஞாயிறு, அவர் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்று ஆர்டன் எழுந்து வந்து அவருக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆர்டனின் மனைவி இன்றும் அந்தக் கடைசிப் பெஞ்சில்தான் தனியாக உட்காருகிறார்.